சிட்னி ரிங்கர்

மதுக்கரையைச் சூழ்ந்த நிலத்தில் சுண்ணாம்புக்கல் மிகுதியும் உண்டு. 1934-ஆம் ஆண்டில் அங்கே சிமெண்டு ஆலை ஏற்பட்டதும் அக்கல்லைக் கருதியேயாம். சுவரைத் தாங்கும் அக்கல்லிலுள்ள கால்ஷியம் என்னும் பொருளே, நம் இருதயம் துடிப்பதற்கும், நரம்பின் ஏவலைத் தசை ஏற்பதற்கும் இன்றியமையாததென்பதைப் பலர் அறியார். இவ்வுண்மைக்கு வழிதிறந்தவர் சிட்னி ரிங்கர் என்னும் ஆங்கிலேய வைத்தியர்.

நாரிச் நகரிற் பிறந்த இவர், 1854-ல் லண்டன் யூனிவர்ஸிட்டி கல்லூரியில் வைத்தியம் பயிலப் புகுந்து, பின்னர் அதனைச் சார்ந்த வைத்தியசாலையிலேயே வைத்தியராகவும் ஆசிரியராகவும் விளங்கினார். 1869-ல் வெளியான இவரது மருத்துவ நூல் பல பதிப்புகள் கண்டது. நோயாளிகளைக் கவனித்தது போக எஞ்சிய சிறுபொழுதையெல்லாம் ஆராய்ச்சிச்சாலையில் தவளையின் இருதயத்தோடு கழித்தார். அவர் பெயரை நிலைநிறுத்தியது அச்சிறுபொழுதே.

உடலினின்று பிரித்தெடுத்த இருதயத்தைத் துடிக்கச்செய்ய இரத்தத்திலுள்ள எப்பொருள்கள் வேண்டுமென்பதே அவர் ஆராய்ச்சி. 1882-ல், வாலையில் வடித்த நீராற் செய்த உப்புக்கரைசலில் இருதயம் நெடுநேரம் துடித்ததாக எழுதி வெளியிட்டார். பின்னொருகால், உண்மையாகவே வடித்த நீரைக்கொண்டு அக்கரைசலைச் செய்தபோது, இருதயம் விரைவில் ஓய்ந்துவிட்டது. காரணத்தை ஆராயுங்கால், முன்னைய கரைசல் குழாய்த் தண்ணீராற் செய்யப்பட்டதென்று தெரியவந்தது. நியூ ரிவர் கம்பெனியார் வழங்கிய அந்நீரில் பத்து லட்சம் பங்குக்கு ஏறக்குறைய 38 பங்கு கால்ஷியம் கலந்திருந்தது. வடித்த நீரில் சிறிது கால்ஷியம் சேர்க்கவே, இருதயம் மீண்டும் நன்கு துடித்தது.

பெயர்பெற்ற வைத்தியருக்கு இஃது ஓர் இக்கட்டான நிலைமையன்றோ? அச்சேறிய முடிவைக் காத்துக்கொள்ள எண்ணியிருப்பின், வாளா இருந்திருக்கலாம். ரிங்கரோ மறு ஆண்டே, 1883-ல், அதே பத்திரிகையில் முந்திய பிழையை வெளிப்படையாக எழுதினார். கரைசல் செய்த பணியாளின் பெயரை அதில் இழுக்கவுமில்லை. அக்கட்டுரையின் பெருமை தவளையோடு நிற்பதன்று என்பது எமது கருத்து. 1885-ல் ராயல் சங்கத்தார் இவரை அங்கத்தினராக்கினர்.

1894-ல் லாக் என்பார், கால்ஷியம் இல்லாவிடில் நரம்பின் ஏவல் தசைக்கு எட்டாதெனத் தவளையின் தொடைத்தசையிற் கண்டார். இதன் நுட்பத்தை நமது நீர்ப்பையிலும் காணலாம். பையைச் சுருக்கும் ஏவல் நரம்பின் நுனியை அடைந்ததும், அங்குள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து கால்ஷியம் உட்புகும். அதனால் நரம்பு அஸிட்டைல்கோலின், ஏ.டி.பி. என்னும் இரு பொருள்களைச் சொரியும். அவை தசையணுவைத் தூண்ட, அதன் சவ்விலுள்ள கால்ஷிய வாயில்களும் திறக்கும். உட்புகும் கால்ஷியத்தால் தசை சுருங்கி நீரை வெளியேற்றும். இவ்வாயில்களை அடைக்கும் மருந்தைச் சேர்த்தால், பிரித்தெடுத்த நீர்ப்பைத் தசையின் சுருக்கம் பெரிதும் குன்றுகிறது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் நிபெடிபின் இவ்வகையைச் சேர்ந்ததே.

ரிங்கரின் கரைசலில் ஹார்ட்மன் என்னும் அமெரிக்க வைத்தியர் லாக்டேட்டைச் சேர்த்தார்; வைத்தியசாலைகளில் நோயாளிகளின் நாளங்களில் ஏற்றப்படும் ரிங்கர் லாக்டேட் இதுவே.

இல்வாழ்வில் அவர் பெருந்துயர் கண்டவர். இளமையிலேயே மாண்ட மகளின் நினைவாக, யார்க்ஷயரில் லாஸ்டிங்கம் என்னும் சிற்றூரின் பழைய ஆலயத்தை மனைவியாரோடு சேர்ந்து புதுப்பித்தார். ஓய்வுபெற்றபின் அவ்வூரிலேயே தங்கி, 1910-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் காலமானார்.