இந்தச் சத்தம் அதைவிட இரு மடங்கா? சண்டையில் பிறந்த 4 அளவுகோல்கள்... யார் இந்த ஸ்டீவன்ஸ்?

ஒரு ஆப்புக்கு நீங்கள் 4 ஸ்டார் போடுகிறீர்கள், நண்பர் 2 ஸ்டார் போடுகிறார். அப்படின்னா உங்கள் திருப்தி அவருடையதைப்போல சரியாக இரு மடங்கா? அப்படிச் சொல்ல முடியாது. ஏன் என்பதை வகைபிரித்துக் காட்டியவர், ஸ்டான்லி ஸ்மித் ஸ்டீவன்ஸ்.

1906-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்தவர். 1933-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே உளவியல் பேராசிரியரானார். காதில் விழும் சத்தம்தான் அவருடைய ஆராய்ச்சி. ஒரு சத்தம் இன்னொன்றைவிட எத்தனை மடங்கு பெரிதாகக் கேட்கிறது என்று அளக்க, 'சோன்' என்ற அலகை 1936-ல் கொண்டுவந்தார்.

வம்பு அங்குதான். இரண்டு குச்சிகளை ஒட்டிவைத்தால் நீளம் கூடும், அளக்கலாம். மனதில் தோன்றும் உணர்வை எப்படி ஒட்டிவைப்பது? பிரிட்டனில் இயற்பியலாளர்களும் உளவியலாளர்களும் இருந்த ஒரு குழு, 1932-ல் தொடங்கி 1940 வரை இதை விவாதித்தது. சோன் அலகும் அங்கே அலசப்பட்டது. கடைசிவரை உடன்பாடு இல்லை. உணர்வை அளக்கவே முடியாது என்றால், ஸ்டீவன்ஸின் உழைப்பே வீண்!

1946-ல் 'சயின்ஸ்' இதழில் அவர் பதில் வந்தது. அளக்க முடியுமா என்று கேட்பதைவிட, எந்த வகை அளவு என்று கேளுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

கால்பந்து ஜெர்சி எண் வெறும் அடையாளம். அது நாமினல். ரேஸில் முதலிடம், இரண்டாமிடம் என்பது ஆர்டினல். வரிசை தெரியும், இடைவெளி தெரியாது. ஸ்டார் ரேட்டிங்கும் இந்த ரகம்தான். செல்சியஸ் வெப்பநிலை இன்டர்வெல். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்: 40 டிகிரி, 20 டிகிரியைப்போல இரு மடங்கு சூடு கிடையாது. காரணம், அங்கே பூஜ்ஜியம் என்றால் வெப்பமே இல்லை என்று அர்த்தமில்லை, அது தண்ணீர் உறையும் புள்ளி. எடை, நீளம் மாதிரி உண்மையான பூஜ்ஜியம் இருந்தால் அது ரேஷியோ. அங்கே மட்டும்தான் 'இரு மடங்கு' என்ற பேச்சு செல்லும். சோன் இந்த வகை என்பதே ஸ்டீவன்ஸின் வாதம்.

ஆர்டினல் எண்களுக்குச் சராசரி போடுவது முறையல்ல என்றார். ஆனாலும் நடைமுறையில் அது பலன் தருவதை அவரே ஒப்புக்கொண்டார். 1953-ல் ஃபிரெடெரிக் லார்ட் என்பவர், ஜெர்சி எண்களுக்கே சராசரி போடும் கதை எழுதி இந்த விதியைக் கிண்டலடித்தார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

ஸ்டீவன்ஸ் 1973-ல் காலமானார். இன்று எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளைத் திறந்தால், ஒவ்வொரு மாறிக்கும் நாமினலா, ஆர்டினலா என்று குறிக்கச் சொல்லும். மீதி இரண்டையும் சேர்த்து, 'ஸ்கேல்' என்று ஒரே பெயரில் வைத்திருக்கிறார்கள்.