திரும்பி வராத பாதிரியார்

1873-ம் ஆண்டு, மே மாதம் 10-ந் தேதி.

பசிபிக் மாகடலில் உள்ள மொலோக்காய் தீவின் வடகரையில் ஒரு கப்பல் வந்து நின்றது. அதில் சுமார் 50 தொழுநோயாளிகள் இருந்தார்கள். ஊரையும் உறவையும் விட்டுப் பிரித்து, அரசாங்கம் அவர்களை அங்கே அனுப்பி வைத்திருந்தது. அந்தக் கரையில் இறங்கியவர்கள் திரும்பிப் போவதில்லை.

அவர்களுடன் நோய் இல்லாத ஒருவரும் இறங்கினார். வயது 33. நல்ல உடற்கட்டு. சாமான் என்று சொல்ல அதிகம் எதுவும் இல்லை. அவர் பெயர் டேமியன். பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார்.

அவர் அங்கே சில வாரங்கள் மட்டும் தங்குவதாக ஏற்பாடு. பிறகு வேறொரு பாதிரியார் வந்து அவரை மாற்றிவிட வேண்டும். ஆனால் டேமியன் திரும்பவில்லை.

அண்ணனுக்குப் பதில் தம்பி

டேமியனின் இயற்பெயர் ஜோசப் டி வூஸ்டர். 1840-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி, டிரெமலோ என்ற சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் 7 பிள்ளைகள். இவர் கடைக்குட்டி. தானிய வியாபாரத்துக்குத் துணையாக இருப்பார் என்று தகப்பனார் எதிர்பார்த்தார். ஆனால் அண்ணன் பாம்பில் சென்ற வழியிலேயே இவரும் சென்று, 1859-ல் துறவிகள் சபை ஒன்றில் சேர்ந்தார்.

ஹவாய் தீவுகளுக்குப் போக வேண்டியவர் உண்மையில் அண்ணன்தான். பயணத்துக்கு நாள் குறித்த நேரத்தில் அவர் விஷக்காய்ச்சலில் படுத்துவிட்டார். தம்பி உள்ளூர் மேலதிகாரியைக் கேட்கவில்லை. பாரிசில் இருந்த சபைத் தலைவருக்கு நேரடியாகவே கடிதம் எழுதி, அண்ணனுக்குப் பதில் தன்னை அனுப்பும்படி கேட்டார். அனுமதி கிடைத்தது. மேலே இருப்பவரை நேராக அணுகும் இந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. அதனால் பிற்காலத்தில் பல சங்கடங்களும் வந்தன.

1863-ம் ஆண்டு இறுதியில் தாயாரிடம் விடைபெற்று, ஜெர்மனியில் கப்பல் ஏறினார். சுமார் ஐந்து மாதக் கடல் பயணம். 1864 மார்ச் 19-ந் தேதி ஹொனலூலு வந்து சேர்ந்தார். இரண்டு மாதத்தில் குருப்பட்டம் பெற்றார். ஒன்பது ஆண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவில் ஊர் ஊராக நடந்து ஊழியம் செய்தார். மக்களின் பாஷையைக் கற்றார். தச்சு வேலையும் தெரிந்திருந்ததால், கோவில்களைத் தம் கையாலேயே கட்டினார்.

தாயாரின் முகத்தை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

பிரிக்கும் நோய்

அந்நாளில் ஹவாய் தனி ராஜ்யம். வெளியில் இருந்து வந்த தொழுநோய் தீவு மக்களிடையே வேகமாகப் பரவியது. மருந்து கிடையாது. 1865-ல் மன்னர் ஐந்தாம் கமேகமேகா காலத்தில் ஒரு சட்டம் வந்தது. நோய் கண்டவர்களைப் பிடித்து, மொலோக்காய் தீவின் கலவாவோ என்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். முன்னால் கடல். பின்னால் சுவர்போல் எழும்பி நிற்கும் ஆயிரக்கணக்கான அடி உயர மலை. காவல் போடாமலே அது சிறைதான். ஹவாய் மக்கள் அந்த நோய்க்கு வைத்த பெயரே 'பிரிக்கும் நோய்' என்பதாகும்.

கணவனுக்கு நோய் என்றால் மனைவி கூடவே போவதும் உண்டு. இப்படித் துணைக்குப் போனவர்களுக்கு 'கோக்குவா' என்று பெயர். டேமியனைப் பற்றிப் பேசும்போது உலகம் இவர்களை மறந்துவிடுகிறது. அவருக்கு முன்பே, பெயர் தெரியாத பலர் அந்தக் கரையில் மனமறிந்து இறங்கியிருந்தார்கள்.

முதல் நாட்களில் டேமியனுக்குத் தங்க வீடு இல்லை. கோவிலுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு தாழை மரத்தின் அடியில் படுத்தார். அப்போது அங்கே 600-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். புல் வேய்ந்த குடிசைகள். குடிதண்ணீரைத் தூரத்தில் இருந்து சுமந்து வர வேண்டும். விரல் இழந்தவர்கள் எப்படிச் சுமப்பது? இறந்தவர்களைப் பெட்டி கூட இல்லாமல், ஆழம் இல்லாத குழியில் புதைத்தார்கள்.

டேமியன் முதலில் கையில் எடுத்தது சம்மட்டியும் ரம்பமும்தான். குழாய்களை வரவழைத்து, ஓரளவு உடல் வலு இருந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு, பள்ளத்தாக்கில் இருந்து தண்ணீரைக் குடியிருப்புக்குக் கொண்டு வந்தார். புயலில் குடிசைகள் விழுந்தபோது, அரசாங்கத்திடம் பலகை கேட்டு வாங்கி வீடுகள் கட்டினார். நூற்றுக்கணக்கான சவப்பெட்டிகளைத் தாமே அறுத்துச் செய்தார். குழிகளையும் அவரே தோண்டினார். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு விடுதி அமைத்தார். வாத்தியக் குழு ஒன்றும் உருவானது. ஒருவர் கையில் சில விரல்களே இருந்தாலும், இருவர் சேர்ந்து ஒரு வாத்தியத்தை வாசித்தது உண்டாம்!

சேப்பங்கிழங்கை இடித்துச் செய்யும் 'போய்' என்ற உணவை, அவர்களோடு ஒரே பாத்திரத்தில் கைவிட்டு உண்டார். புண்களின் நாற்றம் தாங்காமல் புகைக்கத் தொடங்கியவர், தம் புகைக்குழாயையும் அவர்களுக்குக் கொடுத்தார். கூடாது என்று எச்சரித்தவர்கள் உண்டு. தள்ளி நின்று பேசினால் அந்த மக்கள் தம்மை நம்பமாட்டார்கள் என்பதை அவர் கண்டிருந்தார்.

படகில் இருந்து பாவமன்னிப்பு

வந்த ஆண்டிலேயே சுகாதாரக் குழு ஒரு கண்டிப்பான உத்தரவு போட்டது. டேமியன் அங்கேயே இருக்க வேண்டும். வெளியே போனால் மறுபடி வரக்கூடாது. அவரைப் பார்க்க வந்த சபைத் தலைவரைக் கப்பலை விட்டு இறங்க விடவில்லை. டேமியன் சிறு படகில் கப்பல் அருகே போனார். மேல்தட்டில் நின்றவரை நோக்கி, எல்லோர் முன்னிலையிலும் பிரெஞ்சு பாஷையில் தம் பாவங்களை உரக்கச் சொல்லி மன்னிப்புப் பெற்றார். சில மாதங்களில் அந்த உத்தரவு தளர்ந்தது.

1884 டிசம்பரில், காலைக் கழுவ வெந்நீரில் வைத்தார். தோல் வெந்து கொப்பளித்தது. ஆனால் சூடே தெரியவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சில வாரங்களில் டாக்டர் ஆர்னிங் அதை உறுதி செய்தார்.

செய்தி பத்திரிகைகள் மூலம் ஐரோப்பாவுக்கும் போயிற்று. டிரெமலோ கிராமத்தையும் எட்டியது. 1886 ஆகஸ்டில் தாயார் காலமானார்.

பத்திரிகைப் புகழ் இன்னொரு தொல்லையையும் தந்தது. லண்டனில் இருந்த ஆங்கிலிகன் பாதிரியார் ஒருவர் பெருந்தொகை திரட்டி அவருக்கு அனுப்பினார். தாங்கள் நோயாளிகளைக் கவனிக்காதது போன்ற தோற்றம் ஏற்படுகிறது என்று அரசாங்கத்தாரும் சபை மேலதிகாரிகளும் வருந்தினார்கள். அவர் புகழுக்கு ஆசைப்படுகிறார் என்ற பேச்சும் வந்தது. டேமியன் பிடிவாதக்காரர், முன்கோபி. யாருடனும் எளிதில் ஒத்துப் போகமாட்டார். அது உண்மைதான். ஆனால் புகழ் தேடுகிறவன் போய் உட்காரும் இடமா அது?

உதவிக்கு ஆள் வேண்டும் என்று பல ஆண்டுகள் மன்றாடியும், நிலையாகக் கிடைத்தது கடைசி நாட்களில்தான். 1886-ல் அமெரிக்கப் போர்வீரராக இருந்த ஜோசப் டட்டன் வந்தார். 1888-ல் அன்னை மரியான் கோப் தலைமையில் கன்னியர்கள் வந்தார்கள். 1889 ஏப்ரல் 15-ந் தேதி டேமியன் காலமானார். வயது 49. அதே தாழை மரத்தடியில் புதைத்தார்கள்.

ஹொனலூலுவில் இருந்த ஹைட் என்ற புராட்டஸ்டண்டு பாதிரியார், டேமியன் அழுக்கானவர், ஒழுக்கம் கெட்டதால் நோய் வந்தது என்று எழுதிய கடிதம் அச்சில் வந்தது. நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், டேமியன் இறந்த மறுமாதமே தீவுக்குப் போய்ப் பார்த்தவர். 1890-ல் அவர் வெளியிட்ட பதிலில் டேமியனின் குறைகளை மறைக்கவில்லை. வசதியான வீட்டில் இருந்தவருக்கு அவரைப் பழிக்க என்ன உரிமை என்றுதான் கேட்டார்.

தொழுநோய்க் கிருமியை நார்வே டாக்டர் ஹான்சன் கண்டது 1873-ல். டேமியன் தீவில் இறங்கிய அதே ஆண்டு. பலன் தரும் மருந்து மொலோக்காய்க்கு வர 1940-க்குப் பிறகு ஆயிற்று. இன்று அந்த நோய் மாத்திரைகளால் குணமாகிறது. பிரித்து வைக்கும் சட்டம் 1969-ல் ஒழிந்தது. அதற்குள் சுமார் 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டிருந்தார்கள்.

முதலில் போக வேண்டியிருந்த அண்ணன் பாம்பில், தம்பி இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1895-ல் மொலோக்காய் வந்தார். இரண்டு ஆண்டுகள் கூடத் தங்க முடியவில்லை. பெல்ஜியம் திரும்பிவிட்டார்.

1936-ல் டேமியனின் உடலைத் தோண்டி எடுத்து, பெல்ஜியம் கொண்டு போனார்கள். அரசரே துறைமுகத்துக்கு வந்து வரவேற்றார். லூவேன் நகரில் அடக்கம் நடந்தது. 2009-ல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

ஹவாய் மக்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, 1995-ல் அவருடைய வலது கையை மட்டும் மொலோக்காய்க்குத் திருப்பி அனுப்பினார்கள். கலவாவோ கோவில் அருகே, பழைய கல்லறையில் அது அடக்கம் செய்யப்பட்டுள்ளது.