நேரத்தைச் சுமந்து போன தச்சர்

நம்ம ட்ரோன்ல ஒட்டுற சின்ன ஜிபிஎஸ் மாட்யூல் உண்மையில அளக்கிறது நேரத்தைத்தான். செயற்கைக்கோள் சிக்னல் வந்துசேரும் நேரத்தில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால், தூரம் 300 மீட்டர் தப்பாகிவிடும். இந்த வேலையை 18-ஆம் நூற்றாண்டிலேயே கடலில் செய்து காட்டியவர் ஜான் ஹாரிசன். 1693-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த தச்சர்.

அப்போ நடுக்கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்க நம்பகமான வழியே இல்லை. கப்பல்கள் பாறையில் மோதின, ஆட்கள் செத்தார்கள். 1714-இல் பிரிட்டிஷ் அரசு 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது. பூமி 4 நிமிடத்துக்கு 1 டிகிரி சுழல்கிறது. சூரியன் உச்சிக்கு வரும்போது புறப்பட்ட ஊரில் மணி என்ன என்று தெரிந்தால் போதும், தீர்க்கரேகை கிடைச்சிடும். ஆனா ஆடுற கப்பல்ல ஊசல் கடிகாரம் ஒழுங்கா ஓடாதே!

ஹாரிசனின் முதல் கருவி சுமார் 34 கிலோ. மூன்றாவதுக்கு மட்டும் 19 வருஷம் போச்சு. 1759-இல் முடித்த நான்காவது, 13 செ.மீ. அகலமுள்ள ஒரு பெரிய பாக்கெட் வாட்ச், அவ்வளவுதான். 1761-இல் அவர் மகன் அதை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார். 81 நாளில் பிந்தியது 5 நொடி. (நம்ம மாட்யூலின் குவார்ட்ஸ் பிழையை நான்காவது செயற்கைக்கோள் சரிக்கட்டிடும். ஹாரிசனுக்கு அந்த வசதியும் இல்லை.)

பரிசுக் குழு நம்பவில்லை. மறுபடி சோதனை, பிரித்துக் காட்டு, நகல் செய்து காட்டு என்று இழுத்தடித்தது. நிலாவை வைத்துக் கணக்கிடும் முறையை ஆதரித்த வானியலாளர் மாஸ்கலினும் அந்தக் குழுவில் இருந்தார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆதரவோடு, 1773-இல் பார்லிமென்ட்டே 8,750 பவுண்டு கொடுத்தது. அப்போ அவருக்கு வயசு 80. முழுப் பரிசு என்று யாருக்கும் அறிவிக்கப்படவே இல்லை.

அவர் கடிகாரத்தின் நகலோடு கேப்டன் குக் 1775-இல் உலகம் சுற்றித் திரும்பினார். அடுத்த மார்ச்சில் ஹாரிசன் காலமானார்.