இரு வட்டங்கள் தந்த ஆசான்: ஜோன் வென்

இரண்டு வட்டங்களை ஒன்றோடொன்று வெட்டுமாறு கரும்பலகையில் வரைந்து, நடுவே அகப்படும் பகுதியை இடைவெட்டு என்று காட்டுவது நம் கணித ஆசிரியர்களின் வழக்கம். அப்படத்துக்குத் தம் பெயரை விட்டுச்சென்ற அறிஞரின் வரலாற்றை இம்மலரிற் சுருங்கக் கூறுகின்றோம்.

ஜோன் வென் 1834 ஆம் ஆண்டு ஆகஸ்து 4 ஆந் திகதி இங்கிலாந்தின் ஹல் நகரிற் பிறந்தார். தந்தையார் ஹென்றி வென், யாழ்ப்பாணத்திலும் பள்ளி நிறுவிய சேர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராய் நெடுங்காலம் பணியாற்றியவர். மைந்தர் 1853 இல் கேம்பிரிட்ஜிற் சேர்ந்து 1857 இல் கணிதப் பட்டம் பெற்றார். சிலகாலம் குருத்துவப் பணி புரிந்து, 1862 இல் அங்கேயே மீண்டு, தருக்கமும் நிகழ்தகவும் போதிக்கலானார்.

1866 இல் வெளியிட்ட நூலில், நிகழ்தகவு என்பது மனத்தின் நம்பிக்கையன்று, நெடுந்தொடரில் ஒரு நிகழ்ச்சி வாய்க்கும் விகிதமே என்று வாதித்தார். 1880 இல் தம் வட்டப்படங்களை விளக்கினார். வட்டங்களை ஒயிலர் முன்னரே வரைந்திருந்தார். இருக்கக்கூடிய பகுதிகள் அனைத்தையும் முதலில் வரைந்து, வெறுமையானவற்றை நிழற்றிக் காட்டியதே வென்னின் புதுமை. 1933 இல் கொல்மொகொரொவ் நிகழ்தகவைத் தொடைகளின்மேல் நிறுவியபின், வென்னின் படம் நிகழ்தகவு வகுப்பிலும் இன்றியமையாததாயிற்று.

அதன் பயனை நம் கரையோரத்திலேயே காண்போம். ஆலங்குடாவில் 100 குடும்பங்களை எடுத்து, 60 கடற்றொழில் செய்வன, 50 தோட்டஞ் செய்வன, 20 இரண்டுஞ் செய்வன எனக் கணக்கின் பொருட்டுக் கொள்வோம். ஒன்றாயினுஞ் செய்வன எத்தனை? மாணவர் பலர் 60 ஐயும் 50 ஐயும் கூட்டி 110 என்பர். குடும்பங்களோ நூறுதான். இருதொழிலார் இருமுறை எண்ணப்பட்டமையால் 20 ஐக் கழிக்க, 90 பெறப்படும், நிகழ்தகவு 9/10. எஞ்சிய 10 குடும்பங்கள் வட்டங்களுக்கு வெளியே நிற்பன. 6/10 ஐ 5/10 ஆற் பெருக்கி இடைவெட்டு 3/10 என்பாரும் உளர். ஒரு தொழில் மற்றதைச் சாராதபோதே அப்பெருக்கல் செல்லும். இங்கு உண்மை 2/10 ஆகும்.

இது பரீட்சைப் புள்ளியோடு முடிவதன்று. உதவிப் பட்டியல் வகுப்போர் நடுப்பகுதியை மறந்தால் ஒரு வீட்டுக்கு இருபங்கு போகும். வெளிப்பகுதியை மறந்தால் ஏழை வீடொன்று பசித்திருக்கும்.

முதுமையில் வென் தம் மகனாருடன் கேம்பிரிட்ஜ் மாணவர் யாவரின் வரலாற்றுப் பதிவேட்டைத் தொகுக்கலானார். முதற் பாகம் 1922 இல் வெளிவந்தது. 1923 ஏப்ரில் 4 ஆந் திகதி அவர் காலமானார். பழைய மாணவராகிய நமக்கு அதுவும் ஒரு பாடம். நம் பதிவேட்டில் மாணவராயும் ஆசிரியராயும் இருந்தவர் இரு பட்டியலிலும் இடம்பெறுக. தொகையில் ஒருவராகவே எண்ணப்படுக.