மூலம், பவுத்திரம், பிஷர்: ஒரு ராஜாவின் கத்தி வைத்தியம்

ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் போகிறவர்களுக்கு, மூலம், பவுத்திரம் என்று பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் புதிதல்ல. கண்ணில் படும், ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கும்போது யாரும் நின்று படிக்க மாட்டார்கள். அதில் இரண்டாவதாக உள்ள பவுத்திரத்துக்கு உலகத்திலேயே பிரபலமான நோயாளி ஒரு ராஜா: பிரான்ஸின் பதினான்காம் லூயி.

1638-இல் பிறந்தவர். நாலு வயதிலேயே, 1643-இல், அரியணை. 72 வருட ஆட்சி. வெர்சாய் அரண்மனையைப் பிரம்மாண்டமாக்கியவர். அவர் காலத்தில் 1664-இல் தொடங்கிய பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனிதான் பத்து வருடம் கழித்து நம்ம புதுச்சேரியில் காலூன்றியது. காலையில் அவர் கண் விழிப்பதைப் பார்க்கக்கூட ஒரு கூட்டம் நிற்கும். அப்படிப்பட்டவருக்கு 1686 தொடக்கத்தில் ஆசனவாய் அருகே ஒரு கட்டி வந்தது. சீழ் பிடித்தது. குதிரை ஏற முடியவில்லை.

கட்டி பவுத்திரமானது. அதாவது, ஆசனவாயின் உட்பகுதியிலிருந்து வெளித்தோல் வரை சின்னக் குழாய் மாதிரி ஒரு வழி உண்டாகி, சீழ் கசிந்துகொண்டே இருக்கும். மூலம் வேறு, அது ரத்த நாளங்கள் வீங்குவது. பிஷர் இன்னும் வேறு. இறுகிய மலம் போகும்போது ஆசனவாய்த் தோலில் விழும் கிழிசல். மூன்றையும் மூலம் என்றே சொல்லி, மெடிக்கலில் ஏதோ ஒரு களிம்பு வாங்கிப் போவதுதான் இங்கே நடக்கிறது.

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை, தண்ணீர் குறைவு, நேரம் தவறிய சாப்பாடு என்று மலச்சிக்கலில் மாட்டுபவர்களுக்கு பிஷர் வர வாய்ப்பு அதிகம். பாத்ரூம் போகும்போது கண்ணாடி கீறியது மாதிரி வலி. போய் வந்த பிறகும் சில நேரம் மணிக்கணக்கில் எரியும். வலியில் உள்தசை இறுகும், இறுகினால் அங்கே ரத்த ஓட்டம் குறையும், புண் ஆறாது. அடுத்த நாள் பயந்து அடக்கினால் மலம் இன்னும் இறுகும். நார்ச்சத்து, தண்ணீர், மலம் இளக்கும் மருந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் 10-15 நிமிடம் உட்காருவது: புதிய பிஷர் பெரும்பாலும் இதிலேயே சில வாரங்களில் ஆறிவிடும். 6-8 வாரம் தாண்டினால், தசையைத் தளர்த்தும் களிம்பை டாக்டர் எழுதித் தருவார். அதற்கும் அடங்காவிட்டால் சின்ன ஆபரேஷன். ரத்தம் வந்தால் மட்டும் எதுவென்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். ஒருமுறை சர்ஜனிடம் காட்டுங்கள்.

பவுத்திரம் அப்படி இல்லை. களிம்பில் மூடாது, பெரும்பாலும் ஆபரேஷன்தான். நம் ஆயுர்வேதத்தில் மருந்து தோய்த்த நூலைக் கட்டி மெல்ல அறுக்கும் முறையும் உண்டு. லூயியின் வைத்தியர்கள் பத்து போட்டார்கள், எனிமா கொடுத்தார்கள். பலிக்கவில்லை.

கடைசியில் பொறுப்பு சர்ஜன் சார்ல் பிரான்சுவா பெலிக்ஸ் தலையில் விழுந்தது. ராஜா மேல் கை வைக்கும் முன், அவர் பாரிஸில் இதே நோய் உள்ள ஏழைகள் மேல் மாதக்கணக்கில் பழகிப் பார்த்தார். ராஜா பிழைக்க யார் யாரோ உடம்பைக் கொடுத்திருக்கிறார்கள். பரிசு வாங்கியவர் பெலிக்ஸ். இதற்கென்றே ஒரு வளைந்த கத்தியும் செய்தார்.

1686 நவம்பர் 18, காலை. விஷயம் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். மயக்க மருந்து வர இன்னும் 160 வருடம் இருந்தது. லூயி வலியைப் பொறுத்துக்கொண்டார். அன்றைக்கே படுக்கையில் இருந்தபடி மந்திரிகளைப் பார்த்தார். டிசம்பரில் மறுபடியும் கத்தி வைக்க வேண்டி வந்தது. புது வருடத்தில்தான் எழுந்து நடமாடினார்.

பெலிக்ஸுக்குப் பணமும் நிலமும் கிடைத்தன. அதுவரை முடிதிருத்துபவர்களோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட சர்ஜன்களுக்கும் மரியாதை கூடியது. அரசவையில் நடந்ததுதான் கூத்து: நோயே இல்லாத சிலர் தங்களுக்கும் அதே ஆபரேஷன் வேண்டும் என்று சர்ஜன்களைத் தேடிப் போனார்கள். நேற்றுவரை வாய்விட்டுச் சொல்ல முடியாத நோய், ஒரே மாதத்தில் அந்தஸ்து ஆகிவிட்டது.

லூயி அதன்பின் 28 வருடம் ஆண்டார். 1715 செப்டம்பர் 1-இல், 77-ஆவது பிறந்தநாளுக்கு நாலு நாள் முன்பு, காலில் சதை அழுகி இறந்தார். பவுத்திரம் திரும்ப வரவில்லை.