மொரிஸ் மைனரை வரைந்த அகதி

மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனரை யாழ்ப்பாணத்தில் எங்கள் தலைமுறைக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1990 இற்குப் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் நின்றபோது, சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்ப் புகை கக்கியபடி அவை ஓடின. நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின. 1995 இடப்பெயர்வில் சட்டி பானையோடு தென்மராட்சிக்கும் போயின. அந்தக் காரை வரைந்தவரும் எங்களைப்போல ஊர் இழந்தவர்தான்.

அலெக் இசிகோனிஸ் 1906 இல் ஸ்மேர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மீரில் பிறந்தார். தந்தை பிரித்தானியக் குடியுரிமை கொண்ட கிரேக்கர், தாய் ஜேர்மானியர். கப்பல் இயந்திரத் தொழிற்சாலை வைத்திருந்த வசதியான குடும்பம். 1922 செப்ரெம்பரில் துருக்கியப் படை நகருக்குள் வந்தது. சில நாட்களில் நகரம் எரிந்தது. இலட்சக்கணக்கான சனம் நெருப்புக்கும் கடலுக்கும் நடுவே துறைமுகக் கரையில் நின்றது. பிரித்தானியப் பிரசைகள் என்பதால் இசிகோனிஸ் குடும்பத்துக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. கரையில் நின்ற மற்றவர்களுக்கு அந்தக் கடதாசி இல்லை. மாத்தளன் கரையில் செஞ்சிலுவைக் கப்பலைப் பார்த்து நின்றவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மால்ராவில் அகதி வாழ்க்கை. தந்தை அத்தோடு எழும்பவில்லை, இறந்துபோனார். தாயும் மகனும் இங்கிலாந்து போனார்கள். பொறியியல் படித்தபோது கணிதத்தில் மூன்று தடவை தோற்றார் அலெக். ஆனால் கை நன்றாக வரையும். 1936 இல் மொரிஸ் கம்பனியில் சேர்ந்தார்.

உலகப்போர்க் காலத்திலேயே சாதாரண மனிதர் வாங்கக்கூடிய ஒரு சின்னக் காரை வரையத் தொடங்கினார். மாதிரிக் கார் தயாரானபோது ஒடுக்கமாகத் தெரிந்தது. அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டுவித்து, கண்ணுக்குச் சரியாகப் படும்வரை பாதிகளைத் தள்ளிவைத்துப் பார்த்தார். 4 அங்குலம் கூடியது. கடந்த ஓகஸ்ட் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனபோது, மரநிழலில் ஒரு மைனர் நின்றது. அதன் பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டியைக் கையால் தடவிப் பார்த்தேன். அந்த 4 அங்குலத்தின் தழும்பு அது.

முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்குக் கார் பிடிக்கவேயில்லை. அவித்த முட்டையோடு ஒப்பிட்டுப் பரிகசித்தார். ஆனாலும் 1948 இல் வெளிவந்தது. பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரித்தானியக் கார் அதுவே. இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டோர்ஸ் அதைப் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்று விற்றது. மொரிஸின் இன்னொரு காரான ஒக்ஸ்போர்ட் அங்கே அம்பாசிடராகி 2014 வரை உற்பத்தியானது. எங்கள் ஊரில் ஆசிரியர்களும் அப்போதிக்கரிமாரும் மைனர் வாங்கினார்கள். பிறகு அவை வாடகைக் கார்களாகின.

1959 இல் மினி காரையும் அவரே தந்தார். 1969 இல் சேர் பட்டம் பெற்றார். திருமணம் செய்யவில்லை. கப்பலில் கூட வந்த தாயை அவர் 1972 இல் இறக்கும்வரை தன்னோடே வைத்திருந்தார்.

1988 ஒக்ரோபர் 2 இல் பேர்மிங்ஹாமில் இசிகோனிஸ் காலமானார். யாழ்ப்பாணத்தில் அப்போது இந்திய இராணுவம் நின்ற காலம். அவருடைய கார்கள் சோதனைச்சாவடிகளில் வரிசையில் நின்றன.