ஓவியர் கிராம்ஸ்கோய்

உருசிய நாட்டின் முன்னாள் தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்கில், நீவா ஆற்றின் கரையில், நெடிய தூண்களையுடைய மாளிகை ஒன்று உளது. எகிப்து நாட்டினின்றும் கொணரப்பெற்ற, மனிதத் தலையும் சிங்க உடலும் வாய்ந்த கற்சிலைகள் இரண்டு அதன் எதிரே ஆற்றுத் துறையில் அமர்ந்திருக்கின்றன. 1757ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அரசாங்கக் கலைக்கழகத்தின் இருப்பிடம் அதுவே. அக்காலத்தில் அங்கே பயின்று பெரிய பொற்பதக்கம் பெற்ற மாணவனால் அரசின் செலவில் அயல்நாடுகளில் சில ஆண்டுகள் தங்கிக் கலை பயில முடிந்தது. மீண்டபின் பட்டமும் பதவியும் அவனைத் தேடி வந்தன. அத்தகைய பேறு கைக்கெட்டும் வேளையில், அது வேண்டா என்று கூறி அம்மாளிகையை விட்டு வெளியேறியவர் பதினால்வர். அவர்களுக்குத் தலைவராய் நின்றவர் இவான் கிராம்ஸ்கோய் ஆவார்.

கிராம்ஸ்கோய் 1837ஆம் ஆண்டில் ஆஸ்ட்ரகோஷ்ஸ்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் நகர மன்றத்தில் எழுத்தராய் இருந்தவர். மகனுக்குப் பன்னிரண்டு வயது நிகழும்போது அவர் இறந்தார். சிறுவனின் கையெழுத்து அழகாக இருந்தமையால், தந்தையார் பணிபுரிந்த மன்றத்திலேயே படியெடுக்கும் வேலை கிடைத்தது. நாள் முழுதும் பிறர் எழுதியவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த அச்சிறுவனுக்கு ஓவியத்தின்மேல் தணியாத வேட்கை இருந்தது. கோயில்களுக்குத் திருவுருவங்கள் தீட்டும் ஓவியர் ஒருவரிடம் சில காலம் பயின்றார். பின்னர், ஊர் ஊராகச் சென்று ஒளிப்படம் எடுக்கும் ஒருவரிடம், படங்களைத் தூரிகையால் திருத்தும் பணியில் அமர்ந்தார். மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தன. எத்தனையோ முகங்களை உற்று நோக்கித் திருத்திய அந்தப் பயிற்சியே பிற்காலத்தில் அவரை முகச்சாயல் தீட்டுவதில் வல்லவராக்கியது என்று கூறுதல் மிகையாகாது. 1857இல் அவர் கலைக்கழகத்தில் சேர்ந்தார். பகலில் பாடம், எஞ்சிய பொழுதில் வயிற்றுப் பாட்டிற்காக ஒளிப்படம் திருத்தும் அதே தொழில்.

கழகத்தில் கற்பிக்கப்பெற்ற முறை பழமையானது. மாணவர்கள் முதலில் பழைய கிரேக்க, உரோமச் சிலைகளின் சுண்ணப் படிவங்களைப் பார்த்து வரைவர். பின்னர் மனித உடலை வரைவர். இப்பயிற்சி கையைத் திருத்தியது. அதனைக் குறை கூறுதல் பொருந்தாது. ஆயினும், எதனை வரைவது என்று வருங்கால் தேவர்களும் பண்டை வீரர்களும் வேதாகம மாந்தரும் மட்டுமே பெருமைக்குரிய பொருள்களாகக் கருதப்பட்டனர். ஏர் உழும் குடியானவனும், சேறு நிறைந்த சிற்றூர்ச் சாலையும் தாழ்ந்த பொருள்கள் என ஒதுக்கப்பட்டன. 1861ஆம் ஆண்டில் பண்ணையடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. கோடிக்கணக்கான உழவர்கள் விடுதலை பெற்றனர். நாடு முழுதும் அதனைப் பற்றியே பேசிற்று. ஆனால் நீவாக் கரை மாளிகையுள் அப்பேச்சு நுழையவில்லை.

1863ஆம் ஆண்டில் பெரிய பொற்பதக்கத்திற்குரிய போட்டி நெருங்கிற்று. தத்தம் இயல்பிற்கேற்ற பொருளைத் தாமே தேர்ந்துகொள்ள இசைவு வேண்டுமென மாணவர்கள் இருமுறை விண்ணப்பித்தனர். இருமுறையும் அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. பழைய உருசிய நாட்காட்டியின்படி நவம்பர் 9ஆம் நாள், கழகத்தின் ஆட்சிக் குழுவினர் கூடியிருந்த அவைக்கு மாணவர்கள் அழைக்கப்பெற்றனர். போட்டிக்குரிய பொருள் அறிவிக்கப்பட்டது. வடபுலத்துப் பழங்கதைகளில் ஓடின் என்றொரு தெய்வம் உண்டு. போரில் மாண்ட வீரர்களை அத்தெய்வம் தன் மண்டபத்தில் வரவேற்று விருந்தளிக்கும் என்பது கதை. அவ்விருந்தையே தீட்ட வேண்டும் என்றனர். அக்கதையை அறிதலில் இழுக்கொன்றும் இல்லை. ஆனால், தம் கண்முன் ஒரு நாடே புதிதாய் எழுந்து நிற்க, கண்டறியாத மண்டபத்தையும் கேட்டறியாத விருந்தையும் எழுதுமாறு பணித்தது அவ்விளைஞர்களின் உள்ளத்தைச் சுட்டது.

கிராம்ஸ்கோய் முன்வந்தார். அனைவரின் சார்பிலும், போட்டியில் கலந்துகொள்ள இயலாமையைப் பணிவாகத் தெரிவித்துத் தலை வணங்கி வெளியேறினார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். குடும்பச் சூழ்நிலை முதலிய காரணங்களால் கழகத்தை விட்டு நீங்குவதாக முன்னரே எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தை ஒவ்வொருவரும் அலுவலரிடம் கொடுத்தனர். பதின்மூவர் ஓவியர், ஒருவர் சிற்பி. அவையில் தங்கியவர் ஒரே ஒரு மாணவர். தனி ஒருவருக்காகப் போட்டி நடத்த இயலாது என்று கூறி, அவரையும் அனுப்பிவிட்டனர்!

அன்று மாலை அப்பதினால்வரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெரும்பாலோர் வறியவர், கழகத்தின் ஓவியக் கூடங்களை விட்டு உடனே நீங்க வேண்டியவராயினர். இச்செய்தியை இதழ்கள் வெளியிடலாகாது என்று அரசு தடுத்தது. காவல் துறையினர் அவர்களைக் கண்காணித்தனர். கிராம்ஸ்கோய் தளரவில்லை. வீடொன்றை வாடகைக்கு அமர்த்தி, அனைவரும் ஒருங்கு உறைந்து, ஒரே அடுக்களையில் உண்டு, வருவாயில் ஒரு பகுதியைப் பொது நிதியில் இடும் கூட்டுறவுக் குழு ஒன்றை அமைத்தார். வியாழன் தோறும் மாலையில் ஓவியர் பலர் அங்கே கூடுவர். ஒருவர் நூல் படிக்க, மற்றவர் படம் வரைவர். அக்காலத்தில் கிராம்ஸ்கோய் ஆசிரியராய் இருந்த வேறொரு பள்ளிக்குச் சிற்றூர் இளைஞன் ஒருவன் வந்து சேர்ந்தான். அவனே பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இலியா ரேப்பின்.

கூட்டுறவு ஏழாண்டுகள் நிலைத்தது. அதன்பின் உறுப்பினர் ஒருவர், தோழர்கள் அறியாமல், கழகத்தின் செலவிலேயே அயல்நாடு செல்ல இணங்கினார். எதனை மறுத்து வெளியேறினரோ அதனையே அவர் மறைவில் ஏற்றார். இதன் சரி தவறுகளை அனைவரும் கூடி முடிவு செய்ய வேண்டுமென்று கிராம்ஸ்கோய் வற்புறுத்தினார், தோழர்களோ மழுப்பினர். தாம் கட்டிய வீட்டினின்று தாமே வெளியேறினார். முதல் வெளியேற்றத்தினும் இதுவே அவருக்குக் கடினமாயிருந்திருக்கும்.

அதே 1870ஆம் ஆண்டில் மியாசயேதோவ் என்னும் ஓவியர் முயன்று தொடங்கிய சங்கத்தில் பேரோவ், கே முதலியோருடன் கிராம்ஸ்கோயும் சேர்ந்து, அதன் உயிர்நாடி ஆனார். தலைநகரத்துச் செல்வர்க்கு மட்டுமே காட்சியளித்த ஓவியங்களை, மாஸ்கோ, கீவ், கார்கோவ் முதலிய நகரங்களுக்கும் கொண்டு சென்று காட்டுதல் அச்சங்கத்தின் நோக்கம். ஆதலின் அதன் உறுப்பினரை ஊர்சுற்றும் ஓவியர் என்றனர். முதற் கண்காட்சி 1871இல் நடைபெற்ற இடம் எது? நீவாக் கரையிலிருந்த அதே கலைக்கழகத்தின் கூடம்!

மறு ஆண்டில் அவர் பாலைநிலத்தில் தனித்திருக்கும் இயேசுவின் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். கற்பாறைமேல் அமர்ந்து, விரல்களைக் கோத்து, விடியற்பொழுதின் குளிர்ந்த ஒளியில் தம் நெறியைத் தேர்ந்துகொள்ளத் தயங்கும் மனித உருவம் அது, ஒளிவட்டம் இல்லை. மாஸ்கோ வணிகர் திரெத்தியாகோவ் அதனை விலைக்கு வாங்கினார். அவ்வணிகர் நெடுங்காலம் விரும்பியும் இசையாத டால்ஸ்டாயை, 1873இல் கிராம்ஸ்கோய் நேரிற் சென்று இசைவித்து, உழவர் அணியும் எளிய சட்டையோடு தீட்டினார்.

குடும்பம் பெரிது; செலவும் பெரிது. ஆகவே உயர்குடியினரின் உருவங்களை இடைவிடாது எழுத நேர்ந்தது. பிறர் விதித்த பொருளை எழுத மறுத்தவர், பணத்திற்காகப் பிறர் முகங்களை எழுதியே களைத்தார். இயேசுவை மக்கள் எள்ளி நகைக்கும் காட்சியை ஐந்து மீட்டர் அகலத் திரையில் தொடங்கி, முடிக்க இயலாது விட்டார். இதற்கிடையே மைந்தர் இருவர் இறந்தனர். கரிய உடையில், கைக்குட்டையை வாயில் அழுத்தி, அழவும் இயலாது நிற்கும் தாயின் ஓவியத்தைப் பலமுறை மாற்றி எழுதி 1884இல் முடித்தார். அத்தாயின் முகம் அவர் மனைவி சோபியாவின் முகமே.

1887ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில் ஒரு நாள், ரவுஹ்பஸ் என்னும் மருத்துவர் அவர்முன் அமர்ந்திருந்தார். எழுதிக்கொண்டிருக்கையிலேயே கிராம்ஸ்கோய் சாய்ந்தார். மருத்துவர் விரைந்து தாங்கினார், உயிர் பிரிந்திருந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. அம்மருத்துவரின் படம் இன்றும் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் உளது. முகம் உயிர்ப்போடு நம்மை நோக்குகின்றது. உடல் சில கோடுகளோடு நின்றுவிட்டது.